எந்தக் குழுவில் கையெழுத்துப் போடுவது?

2025 ஜூன் மாதத் தொடக்கம். பள்ளி விடுமுறை. மழை விட்டும் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலை நேரத்தில், என் வீட்டு வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர், எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்த ஒரு பையனின் தகப்பனார். இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்தின் பாதி வீடமைப்புக்கு விற்கப்பட்ட பிறகு, கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் வேலைக்குப் போகிறார். கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் நனையாமல் மடித்து வைத்த மூன்று கத்தைத் தாள்கள்.

"ஐயா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லணும். பையன் எதுல கையெழுத்துப் போடறதுன்னு தெரியாம ராத்திரி தூங்கறதில்லே. அவங்க அம்மா ஒண்ணு சொல்றா. அவ தம்பி ஒண்ணு சொல்றான். நான் ஒண்ணும் சொல்லலே. எனக்கு என்ன தெரியும்?"

வாங்கிப் பார்த்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த ஒப்பந்தங்கள். மூன்று காற்பந்துக் குழுக்கள் பையனைக் கேட்டிருந்தன.

இந்தப் பையனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும்போதே தோட்டத்துத் திடலில் பெரிய பையன்களின் கால்களுக்கு நடுவே பந்தைக் கொண்டு போய்விடுவான். வாய்ப்பாடு மட்டும் அவன் காலில் ஒட்டியதே இல்லை. வாய்ப்பாடு தெரியாமல் நின்ற அவனை ஒருநாள் வெளியே அனுப்பினேன். அவன் திடலுக்குப் போய் விளையாடிவிட்டுத் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அவனை வெளியே அனுப்புவதை விட்டுவிட்டேன். இப்போது வயது இருபத்தொன்று. பதினெட்டு வயதிலிருந்து ஒரு குழுவில் சம்பளத்துக்கு விளையாடினான். அந்தக் குழு அவனுக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டது. எந்தக் குழு என்று இங்கே எழுதப் போவதில்லை. பாக்கியும் இதுவரை முழுதாக வரவில்லை.

முதல் தாள் ஒரு பெரிய குழுவினுடையது. நல்ல சம்பளம், நல்ல விடுதி, நல்ல மருத்துவர். ஆனால் முதல் குழுவில் இடமில்லை, இரண்டாம் நிலைக் குழுவில் ஆடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இரண்டாவது, வேறு மாநிலத்துக் குழு. மூன்றிலும் அதிகச் சம்பளம் இதில்தான், அதுவும் மூன்று வருட ஒப்பந்தம். மூன்றாவது, கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே உள்ள ஒரு சிறிய அரைத்தொழில்முறைக் குழு. சம்பளம் இரண்டாவதில் பாதிகூட இல்லை. ஒரு வருடந்தான். ஆனால் அதன் பயிற்றுநர், பையனைப் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் குழுவில் வைத்து ஆட்டுவித்தவர்.

"அண்ணே, எனக்குக் கணக்கும் தமிழும்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியும். ஒரு வாரம் பொறுங்க. நாலு பேரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவருக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். தேநீரை முழுதாகக் குடித்துவிட்டுப் போனார்.

கேட்கக் கிளம்பிய இடம் பிரிக்பீல்ட்ஸ். என் தங்கை அங்கேதான் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். கிள்ளானில் கொமுட்டர் ஏறினால் கே.எல். செண்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம். முதல் நாள் இரவே போய்த் தங்கினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜூன் 6ஆம் தேதி. காலை எட்டரை மணிக்குத் தங்கை மகன் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துகொண்டு, தோசையைக்கூடத் தொடாமல் அமெரிக்கக் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே முந்தைய நாள் இரவு, இங்கே காலை. என்.பி.ஏ. லீக்கின் இறுதிச் சுற்று, முதல் ஆட்டம். ஒக்லஹோமா சிட்டி ஒரு பக்கம், இந்தியானா மறுபக்கம்.

கூடைப்பந்து நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத விளையாட்டு. நம் வட்டாரத்தில் சீனப்பள்ளித் திடல்களில்தான் அதிகம் பார்க்கலாம். ஆனாலும் கிள்ளானுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. பூலாவ் இண்டாவிலுள்ள வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தின் பெயர் தாங்கிய மலேசிய டிராகன்ஸ் குழு 2016ல் ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்றது. ஏதோ பார்க்கலாமே என்று நானும் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிய ஒரு விநாடிகூட இல்லை, 0.3 விநாடி மீதி இருக்கும்போது இந்தியானாவின் ஹாலிபர்ட்டன் என்ற இளைஞர் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. மருமகன் துள்ளிய துள்ளலில் கீழ் வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

"மாமா, இவரை ஒரு குழு வேணாம்னு கொடுத்துட்டாங்க, தெரியுமா? அந்தப் பக்கம் இருக்கிற ஷேய் கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் அப்படித்தான். ரெண்டு பேரும் ஆள்மாற்றுல வந்தவங்க."

எனக்குக் காது நிமிர்ந்தது. நான் எதைக் கேட்க வந்தேனோ அதற்குப் பதில் தோசைத்தட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது!

அமெரிக்க முறை இப்படி. ஒரு குழு இன்னொரு குழுவுக்குத் தன் ஆட்டக்காரரைக் கொடுத்து வேறு ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ளலாம். பழைய காலத்துப் பண்டமாற்றுதான். ஆட்டக்காரரின் ஒப்பந்தமும் அவரோடு சேர்ந்து புதுக் குழுவுக்குப் போய்விடும். பெரும்பாலும் அவரை யாரும் கேட்பதில்லை. நான் சம்மதித்தால்தான் மாற்றலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் உரிமை மிகச் சில மூத்தவர்களுக்கே கிடைக்கும். 2025 பிப்ரவரியில் லூக்கா டோன்சிச் என்ற உச்ச நட்சத்திரத்தை டல்லாஸ் குழு ஓரிரவில் லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பியது. அந்த இருபத்தைந்து வயது இளைஞர் அதை எதிர்பார்க்கவே இல்லை.

ஹாலிபர்ட்டனும் அலெக்சாண்டரும் ஆடும் இடத்துக்குக் 'கார்ட்' என்று பெயர். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்குக் கொடுப்பது, எப்போது தானே எறிவது என்று முடிவு செய்கிறவர். குடும்பத்தில் சாவிக்கொத்து வைத்திருப்பவரைப் போல. ஹாலிபர்ட்டனை 2020ல் சாக்ரமெண்டோ குழு தேர்ந்தெடுத்தது. அங்கே ஏற்கெனவே டி'ஆரன் ஃபாக்ஸ் என்ற இன்னொரு கார்ட் இருந்தார். ஒரே உறையில் இரண்டு கத்தி. 2022 பிப்ரவரி 8ஆம் தேதி ஹாலிபர்ட்டனை இந்தியானாவுக்குக் கொடுத்து, சபோனிஸ் என்ற பெரிய ஆளை வாங்கினார்கள். அந்த ஊரை விட்டுப் போக ஹாலிபர்ட்டனுக்கு விருப்பமே இல்லை. மனம் உடைந்துதான் போனார். ஆனால் இந்தியானாவில் சாவிக்கொத்து முழுதாக அவர் கைக்கு வந்தது. மூன்று ஆண்டில் இறுதிச் சுற்று.

சாக்ரமெண்டோ ஏமாந்ததா என்று கேட்டேன். அதுவும் இல்லை. பதினாறு பருவங்களாகத் தகுதிச் சுற்றுக்கே போகாத அந்தக் குழு, சபோனிஸ் வந்த அடுத்த பருவத்தில், 2023ல், போய்விட்டது. இருவருமே ஏதோ ஒன்றைப் பெற்றார்கள்.

அலெக்சாண்டர் கதை இன்னும் சுவையானது. 2018ல் தேர்வாகி ஒரே ஒரு பருவம் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸில் ஆடினார். 2019 ஜூலையில் பால் ஜார்ஜ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரை வாங்குவதற்காக, இந்த இளைஞரையும் கலினாரி என்பவரையும் கொடுத்து, அவற்றோடு எதிர்கால இளம் ஆட்டக்காரர்களை முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமை ஐந்தையும் ஒக்லஹோமாவுக்குக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு முடிந்த சரக்குக்கு நாளைய விதையைக் கொடுத்ததாகத் தோன்றியிருக்காது. கிளிப்பர்ஸ்தான் கெட்டிக்காரர்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். அந்த உரிமைகளில் ஒன்றால் கிடைத்தவர் ஜேலன் வில்லியம்ஸ். பால் ஜார்ஜ் ஐந்து பருவம் இருந்தும் கிளிப்பர்ஸ் இறுதிச் சுற்றைப் பார்க்கவில்லை. ஒக்லஹோமாவோ 2025 ஜூன் 22ஆம் தேதி ஏழாவது ஆட்டத்தில் வென்று வாகை சூடியது. அலெக்சாண்டர் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர். அதே ஏழாவது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஹாலிபர்ட்டனுக்குக் குதிகால் நரம்பு அறுந்தது. நல்ல இடத்துக்குப் போவது ஒன்று, உடம்பு ஒத்துழைப்பது வேறொன்று. இதையும் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன்.

மருமகனிடம், ஆளைக் கொடுப்பதற்கு முன் அங்கே எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டேன். வயது, ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் பாக்கி, இரண்டு பக்கத்துச் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போகிறதா, அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதா என்று விரல் விட்டான். எல்லாம் குழுவின் கேள்விகள்! அங்கே குழு ஆளை நிறுத்துப் பார்க்கிறது. நம் பையனுக்கோ ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவன்தான் குழுவை நிறுத்துப் பார்க்க வேண்டும். தராசு நம் கையில். படிக்கல்தான் தெரியவில்லை.

ஆட்டக்காரன் கைக்குத் தராசு வந்ததே ஒரு வழக்கால்தான். பெல்ஜியத்தில் ழான் மார்க் போஸ்மான் என்ற காற்பந்து ஆட்டக்காரர். 1990ல் ஒப்பந்தம் முடிந்தது. பழைய குழு சம்பளத்தைக் கால்வாசியாகக் குறைத்துக் கொடுக்க முன்வந்தது. வேறு குழுவுக்குப் போகிறேன் என்றால், பணம் கட்டினால்தான் விடுவோம் என்றது. தோட்டத்தில் துண்டு கொடுக்காமல் ஆளை வைத்துக்கொண்ட கதையை நம் தாத்தாமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். போஸ்மான் நீதிமன்றம் போனார். 1995 டிசம்பர் 15ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தவன் தன் விருப்பப்படி போகலாம். அந்தத் தீர்ப்பால் எத்தனையோ பேர் கோடீஸ்வரர் ஆனார்கள். போஸ்மான் ஆகவில்லை. வழக்கு முடிவதற்குள் அவருடைய ஆடும் வயது போய்விட்டது.

அன்று பகல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இன்னொருவரைச் சந்தித்தேன். 1990களில் மாநிலக் குழுவுக்கு ஆடியவர். இப்போது வேன் ஓட்டுகிறார். தங்கையின் கணவருக்கு நண்பர். பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னார்.

அவர் பேச்சு ஆறுமுகத்திலிருந்துதான் தொடங்கியது. நம் வயதுக்காரர்கள் எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குவோம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 1980ல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்று, அரசியல் புறக்கணிப்பால் போக முடியாமல் நின்ற தலைமுறை. 1988ல் சாலை விபத்தில் மறைந்தார். அந்தக் குழுவின் நினைவில்தான் 2016ல் 'ஓலா போலா' படம் வந்தது. இளைய வாசகர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள்.

"அந்தக் காலத்து ஆளுங்களுக்கு வேலை ஒண்ணு இருந்துச்சு, சார். பேங்க், போலீசு, மின்சார வாரியம். காலையில ஆபீசு, சாயங்காலம் திடல். கால் போனாலும் சோறு போகாது. எங்க காலத்துல தொழில்முறைன்னு சொல்லி வேலையை விடச் சொன்னாங்க. விட்டோம்."

1989ல் அரைத்தொழில்முறையாகவும் 1994ல் முழுத் தொழில்முறையாகவும் நம் லீக் மாறியது. மாறிய வேகத்திலேயே சூதாட்ட ஊழல் வெடித்தது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் ஏராளமான ஆட்டக்காரர்கள் மீது நடவடிக்கை. பலருடைய வாழ்க்கை அங்கேயே நின்றது. "அதுல சிக்கினவன் எல்லாரும் பேராசைக்காரன்னு நினைக்காதீங்க, சார். சம்பளம் ஒழுங்கா வராத வீட்டுக்குத்தான் ராத்திரியில ஆள் வருவான்" என்றார். இதை அவர் சொன்ன விதத்தில், மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. ரசம் ஊற்ற வந்த பையனிடம் வேண்டாம் என்று கை காட்டிவிட்டுச் சிறிது நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மூன்று ஒப்பந்தங்களையும் பற்றிச் சொன்னேன். தொகையைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தவர், இரண்டாவது குழுவின் பெயரைச் சொன்னதும் நிறுத்தினார். "எவ்வளவு சம்பளம்னு கேக்காதீங்க. போன வருசம் எந்தத் தேதியில சம்பளம் போட்டாங்கன்னு அங்க ஆடற ரெண்டு பேரைக் கேளுங்க. சேமநிதியில காசு ஏறுதான்னு கேளுங்க" என்றார்.

சேமநிதி! பால்மரம் வெட்டிய நம் தாய் தகப்பன்மார்களுக்குத் தெரிந்த இந்த ஒரு விஷயத்தை, பத்தாயிரம் பேர் கைதட்டும் திடலில் நிற்கும் பையன்கள் கேட்கத் தவறிவிடுகிறார்கள். கிராணி சம்பளத்துண்டில் சேமநிதிப் பிடித்தம் எழுதாமல் விட்டால் எங்கள் தாத்தா அலுவலகத்து வாசலை விட்டு நகர மாட்டார்.

நான் ஏன் இவ்வளவு தூரம் பயப்படுகிறேன் என்று சிலர் கேட்கலாம். நம் கண் முன்னாலேயே நடந்ததைப் பாருங்கள். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவாக, மிஃபா என்ற பெயரில் கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்த குழு ஒன்று இருந்தது. 2019ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயருடன் சூப்பர் லீக்குக்கே வந்துவிட்டது. கிளானா ஜெயா திடலில் அதன் ஆட்டத்தைப் பார்க்க எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை வேனில் அழைத்துப் போயிருக்கிறேன். 2021ல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்நாட்டுப் பையன்களை மட்டும் வைத்து ஆடியது. மற்றக் குழுக்களில் வெளிநாட்டவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார வேண்டிய பையன்களுக்கு அங்கே ஆட இடம் கிடைத்தது. 2022 பருவத்தோடு அந்தக் குழு லீக்கை விட்டு விலகியது. ஏணியின் நடுப்படி கழன்றுவிட்டது.

சரி, அது சிறிய குழு என்று விட்டுவிடலாமா? 2018ல் மலேசியக் கிண்ணத்தை வென்ற பேராக், 2013, 2014 இரண்டு ஆண்டும் அதே கிண்ணத்தை வென்ற பகாங், 2007, 2008ல் மூன்று கிண்ணங்களையும் சேர்த்து அள்ளிய கெடா. இந்த மூன்றின் பெயரும் 2025 ஆகஸ்டில் தொடங்கிய சூப்பர் லீக் பருவத்தில் இல்லை. பணப் பிரச்சினை. பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் காலம் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பும் கொமுட்டரில் எனக்குக் குணாளன் நினைவு வந்தது. எஸ். குணாளன் நெகிரி செம்பிலானில் ஆடிப் பெயர் எடுத்தவர். அங்கே இருக்கும்போதே தேசியக் குழுவுக்கு அழைக்கப்பட்டு, கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து 2010ல் நாட்டுக்கு முதன்முறையாக ஆசியான் கிண்ணத்தை வாங்கித் தந்த குழுவில் இடம்பெற்றார். டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது மறக்கக்கூடியதா? வெற்றிக்காகப் பொது விடுமுறையே விட்டார்கள். அதன் பிறகுதான் குணாளன் சிலாங்கூருக்குப் போனார், பிறகு ஜொகூருக்கு. 2015ல் தென்கிழக்காசியாவிலிருந்து முதன்முதலாக ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்றது ஜொகூர் குழு. அதிலும் அவர் இருந்தார். ஆட இடம் கிடைக்கும் குழுவில் முதலில் ஆடித் தீர்த்துவிட்டு, பிறகு பெரிய இடத்துக்குப் போனவர். பக்கவாட்டில் முன்னே ஓடும் ஆட்டக்காரராக இருந்தவரைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள், அதற்கும் ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு இரவு பையன் வீட்டுக்குப் போனேன். நடுவில் மேசை, மேலே விளக்கு, நான்கு பக்கமும் நாங்கள். தாய்மாமனும் வந்திருந்தார். அவருக்கு இரண்டாவது தாள்தான் பிடித்திருந்தது. "மூணு வருசம், சார்! மூணு வருசத்துல ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிரலாம்."

"அங்க ஆடறவங்களைக் கேட்டியாப்பா?" என்றேன் பையனிடம்.

"கேட்டேன், சார். ஒருத்தர் ரெண்டு மாசம் தள்ளித்தான் வருதுன்னார். இன்னொருத்தர் எடுக்கவே இல்லே."

"மூன்று வருடம் என்று எழுதியிருக்கிறதே, சம்பளம் வராவிட்டால் நீ வெளியே வரலாமா?" அந்தத் தாளை இரண்டு முறை படித்தோம். 2018ல் அனைத்துலகக் காற்பந்து சம்மேளனம் ஒரு விதி கொண்டுவந்தது. இரண்டு மாதச் சம்பளம் சட்ட விரோதமாகப் பாக்கி விழுந்தால், எழுத்து மூலம் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஆட்டக்காரன் நியாயமான காரணத்தோடு வெளியேறலாம். அதுபோன்ற ஷரத்து உள்நாட்டு ஒப்பந்தத்திலும் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இந்தத் தாளில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் காயம் பட்டால் குழு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் மாமன் தாமே இன்னொரு முறை வாசித்தார். பிறகு வீட்டு முன்பணம் பற்றிப் பேசவில்லை.

பெரிய குழுவின் தாள் சுத்தமாக இருந்தது. சம்பளத் தேதி, மருத்துவம், சேமநிதி, சொக்சோ எல்லாம் உண்டு. நான் உள்ளுக்குள் அதைத்தான் விரும்பினேன் என்பதை மறைப்பானேன்? ஆனால் அதே இடத்தில் முதல் குழுவில் ஒரு வெளிநாட்டவரும் ஒரு தேசிய ஆட்டக்காரரும் இருக்கிறார்கள். ஹாலிபர்ட்டன் கதையைச் சொன்னேன், ஒரே உறையில் இரண்டு கத்தி என்று. "இங்க மூணாவது கத்தி நான், சார்" என்று சிரித்தான். சிரித்தாலும் அவன் கண் அந்தத் தாளை விட்டு நகரவில்லை.

அதுவரை பேசாமலிருந்த அவன் அம்மா, "ஐயா, பெஞ்சில உக்காந்தா சம்பளம் குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"குடுப்பாங்கம்மா."

"அப்புறம் என்ன?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பையன்தான் சொன்னான்: "ரெண்டு வருசம் ஆடாம உக்காந்தா, மூணாவது வருசம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா. இப்ப கூப்பிடறாங்கன்னா போன வருசம் நான் ஆடினதைப் பார்த்துத்தான்."

அந்த அம்மாள் தலையசைத்தார். சம்மதமா சலிப்பா என்று தெரியவில்லை. எழுந்து போய்த் தேநீர் கலக்கினார். சமையலறையிலிருந்தே, "அப்ப அந்தச் சின்ன குழுவுல காசு கம்மின்னா மீதி நேரம் என்ன பண்ணுவே?" என்று கேட்டார். உண்மையில் அன்றிரவு கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சிறந்தது அதுதான். மாலையில் மட்டும் பயிற்சி. பகல் காலியாக இருக்கும். அவனுக்கு மின்கம்பி வேலையில் கொஞ்சம் பழக்கம் உண்டு. கிள்ளானில் தொழிற்பயிற்சி வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் எடுக்கலாம் என்று நான் சொன்னபோது, பையனைவிட அப்பாவின் முகம்தான் மலர்ந்தது.

மூன்றாவது தாளில் இரண்டு திருத்தம் கேட்கச் சொன்னேன். வேறு மேல்நிலைக் குழு கூப்பிட்டால் தடையில்லாமல் விட வேண்டும். காயம் பட்டால் பருவம் முடியும்வரை சம்பளம் வர வேண்டும். முதலாவதற்கு உடனே ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவதற்கு மூன்று மாதம் என்றார்கள். அதுவும் எழுத்தில் வந்தது. கையெழுத்துப் போடுமுன் ஆட்டக்காரர் சங்கத்தில் ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொன்னேன். பழைய நான்கு மாதப் பாக்கிக்கும் அங்கேயே ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெரிய குழு கூப்பிட்டும் போகாமல் பையனைக் கெடுத்துவிட்டார் வாத்தியார் என்று கோயில் திருவிழாவில் என் காது படவே ஒருவர் பேசினார். அவர் சொன்னது தவறு என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பெரிய குழுவில் அந்த இரண்டு பேரில் ஒருவருக்குச் செப்டம்பரில் முழங்கால் அடிபட்டது. அங்கே இருந்திருந்தால் இவனுக்கு இடம் கிடைத்திருக்குமோ என்று நானும் ஒரு இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பையனிடம் சொல்லவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

சிறிய குழுவின் ஆட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மொத்தம் இருநூறு பேர் இருந்தால் அதிகம். நாசி லெமாக் விற்கிற அம்மாள் வியாபாரமே ஆகவில்லை என்று நொந்துகொண்டார். பையன் தொண்ணூறு நிமிடமும் ஆடினான். ஒரு கோல் தவறவிட்டான், அதற்காகப் பயிற்றுநர் திட்டிய திட்டு மேடைவரை கேட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் ஒரு பந்தை வலது பக்கமாகக் கொண்டுபோய், மூன்று பேரின் கால்களுக்கு நடுவே விட்டான், பாருங்கள்! எனக்குப் பழைய திடலும் வாய்ப்பாடும் ஞாபகம் வந்தன.

அக்டோபர் கடைசியில் அவன் அப்பா பள்ளி வாசலில் காத்திருந்தார். தீபாவளி முறுக்கு கொடுக்க வந்தாராம். கொடுத்துவிட்டு, பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு தேடினார். மகன்தான் அதில் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். சேமநிதிக் கணக்கு. ஆகஸ்ட், செப்டம்பர் என்று வரிசையாக இரண்டு வரி.

"ஏறியிருக்கு, ஐயா" என்றார்.